வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்கு ஒரு படம்: 437 மெகாஹேர்ட்ஸில் டிஜிட்டல் தொலைக்காட்சிப் பரிசோதனை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை 5.40 மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியிலிருந்து அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலி உரிமத்தில் நான் அனுப்பிய படம், நேர்கோட்டில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் தெற்கே, கல்கிசையில் அண்ணையின் வீட்டு மேசைமேல் இருந்த திரையில் 20 நிமிடங்கள் உடையாமல் நின்றது. அண்ணை எனக்கு உறவினர் அல்லர். கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர், எனக்கு மோர்ஸ் கற்றுத் தந்தவர். செப்டெம்பரில் தொடங்கிய வேலை பெப்ரவரியில்தான் இந்த நிலைக்கு வந்தது. ஐந்து மாதங்களில் பெரும்பகுதி தவறான இடத்தில் பிழை தேடியதிலேயே கழிந்தது என்பதால், செய்த வரிசையிலேயே, தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

பழைய அனலொக் முறையில் பரிசோதித்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. இரைச்சல் புள்ளிகளுக்குள் ஒரு முகத்தின் நிழலாவது தெரியும். அன்ரெனாவைத் திருப்பத் திருப்ப அந்த நிழல் தெளியும். டிஜிட்டலில் அந்த வழிகாட்டல் கிடையாது. சமிக்ஞை தேவையான அளவுக்குச் சற்று மேலே இருந்தால் முழுப்படம் வரும், சற்றுக் கீழே போனால் கறுப்புத் திரைதான். கறுப்புத் திரையைப் பார்த்து, பிழை அனுப்பியிலா, வாங்கியிலா, இடைவெளியிலா என்று சொல்ல முடியாது. ஆகவே வாங்கியை முதலில் கட்டி, அதை எனக்குச் சம்பந்தமில்லாத, நிச்சயமாக வேலைசெய்கின்ற ஒரு சமிக்ஞையில் சோதித்த பின்னரே அனுப்பியைத் தொடுவது என்று தீர்மானித்தேன். இந்த முயற்சியில் நான் எடுத்த நல்ல முடிவு இதுதான்.

வாங்கிக்கு மினிட்டியூனர் என்ற சுற்றைத் தெரிந்தெடுத்தேன். செய்மதித் தொலைக்காட்சிக்கான ஒரு டியூனர் பெட்டியும், கணினியுடன் யூஎஸ்பி வழியாகப் பேசும் ஒரு சிறு பலகையும், சில மின்னழுத்தச் சீராக்கிகளும் சேர்ந்தது அது. சந்தையில் விற்கும் செய்மதிப் பெட்டிகள் 950 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை, மிகக் குறைந்த சிம்பல் ரேட்டையும் (வினாடிக்கு அனுப்பப்படும் குறியீடுகளின் எண்ணிக்கை) ஏற்பதில்லை. மினிட்டியூனர் 144 முதல் 2450 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கும். பலகையும் டியூனரும் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தன. மிகுதி உதிரிப்பாகங்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு சனிக்கிழமைகளில் தேடி எடுத்தேன். பற்றாசு பிடிக்க ஓர் இரவு போதுமாயிருந்தது. ஆனால் டியூனர் பெட்டியின் நான்கு தகரக் கால்களும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, என் 25 வாட் பற்றாசுக்கோல் அவற்றைச் சூடாக்கப் போதவில்லை. வெளியே பார்க்க மினுங்கிய பற்றாசு உள்ளே ஒட்டவேயில்லை. பெட்டியை விரலால் தட்டினால் கணினியில் சமிக்ஞை எண்கள் ஆடுவதைக் கண்டுதான் அதைப் பிடித்தேன். அண்ணையின் 60 வாட் கோலை இரவல் வாங்கி மீண்டும் பிடித்தபின் அந்தத் தொல்லை நின்றது.

சோதனைச் சமிக்ஞைக்குக் கியூஓ-100 இருந்தது. கட்டாரின் எஸ்ஹெயில்-2 செய்மதியில் அமெச்சூர்களுக்கென ஏற்றப்பட்ட இந்த ரான்ஸ்பொண்டர் (பூமியிலிருந்து வாங்கிய சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும் கருவி), 2018 நவம்பரில் ஏவப்பட்டுக் கிழக்கு 25.9 பாகையில் புவிநிலையாக நிற்கிறது. பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரை கேட்கும். அதன் அகன்ற பட்டையில் 10491.5 மெகாஹேர்ட்ஸில், 1500 கிலோசிம்பலில், ஓர் அடையாளப்படம் இடைவிடாது வந்துகொண்டிருக்கிறது. டிஷ்ஷின் முன் நிற்கும் சாதாரண எல்.என்.பி. (அலைவரிசையைத் தாழ்த்தித் தரும் வாங்கித் தலை) 9750 மெகாஹேர்ட்ஸைக் கழித்துத் தருவதால், கேபிளில் அது 741.5 மெகாஹேர்ட்ஸில் இறங்கும்.

பழைய 80 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று 4,000 ரூபாவுக்குக் கிடைத்தது. கொழும்பிலிருந்து அந்தச் செய்மதி 265 பாகைத் திசையில், அடிவானத்திலிருந்து 28 பாகை உயரத்தில், கடலுக்கு மேலே இருக்கிறது. அயலவர்களின் டிஷ்கள் இந்தியச் செய்மதிகளுக்காக உச்சி வானத்தைப் பார்த்துக் கிடக்க, என்னுடையது மட்டும் சுவர்போல நிமிர்ந்து நின்றது. எல்.என்.பி. நடுவிலன்றிக் கீழே நிற்கும் ஆஃப்செட் டிஷ் ஆகையால் 28 பாகையில் 25 பாகை அதன் வடிவத்திலேயே அடங்கிவிடும். கைத்தொலைபேசியின் திசைகாட்டி, மொட்டைமாடியின் இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. அதைக் கைவிட்டு, சூரியனைப் பயன்படுத்தினேன். செப்டெம்பர் 26ஆம் திகதியளவில், பிற்பகல் 4 மணி 8 நிமிடமளவில், கொழும்பிலிருந்து பார்க்கையில் சூரியன் இந்தச் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அன்று டிஷ்ஷின் முகத்தை நீரால் நனைத்து மினுங்கச் செய்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தின் புள்ளி எல்.என்.பி.யின் வெள்ளை மூடியின் நடுவில் விழும்வரை மெதுவாகத் திருப்பி, சுரைகளை இறுக்கினேன். ஒரு சதமும் செலவில்லாத இந்த முறையைவிடத் துல்லியமான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

இவ்வளவு துல்லியமாக வைத்தும் படம் வரவில்லை. அகன்ற பட்டை கிடைத்தள முனைவாக்கத்தில் (அலை கிடையாக அதிரும் விதத்தில்) வருகிறது என்பது எல்லாக் குறிப்புகளிலும் உண்டு, கிடைத்தளத்துக்கு எல்.என்.பி.க்கு 18 வோல்ட், நிலைக்குத்துக்கு 13 வோல்ட். நான் 18 கொடுத்தேன். கேபிளை மாற்றினேன், எல்.என்.பி.யை மாற்றினேன், வாங்கியைத் திறந்து மறுபடி பற்றாசு பிடித்தேன். இரண்டு நாட்கள் போயின. பிறகு கேபிளை ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சியில் (கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி) செருகி, அலைமாலையை வெறும் கண்ணால் பார்த்தேன். 741.5இல் ஒன்றுமில்லை, ஆனால் 739.7ஐச் சுற்றி மெல்லிய கோடுகள் தெளிவாக எழுந்து விழுந்துகொண்டிருந்தன. அவை இதே செய்மதியின் குறுகிய பட்டையில் பேசிக்கொண்டிருந்த அமெச்சூர்கள். ஆக, செய்மதி சரி, டிஷ் சரி, எல்.என்.பி.யும் சரி. குறுகிய பட்டையோ நிலைக்குத்து முனைவாக்கத்தில் வருவது. கிடைத்தளத்தைக் கேட்பதற்கான 18 வோல்ட்டில் நிலைக்குத்தானது வந்து விழுகிறது என்றால், என் மாடியில் இரண்டும் இடம்மாறியிருக்க வேண்டும்.

காரணம் நாங்கள் இருக்கும் இடம். பூமத்திய ரேகைக்கு அருகில் நின்று மேற்கே தாழ்ந்திருக்கும் செய்மதியைப் பார்க்கும்போது, செய்மதிகள் நிற்கும் வளையம் தலைக்கு மேலிருந்து கடலை நோக்கி ஏறக்குறைய நேராக இறங்குகிறது. அந்த வளையத்துக்குச் சமாந்தரமாக அதிரும் அலையைத்தான் கிடைத்தளம் என்கிறார்கள். அதுவே இங்கே நிலைக்குத்தாக வந்துசேர்கிறது. கணக்குப் போட்டால், இலண்டனில் எல்.என்.பி.யை 19 பாகையளவு திருப்பினால் போதும். கொழும்பில் திருப்ப வேண்டியது 81 பாகை. நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. நிமிர்ந்து நிற்கும் எல்.என்.பி.யில் 18 வோல்ட் கொடுத்தால் இழப்பு 16 டெசிபல். 13 வோல்ட் கொடுத்தால் இழப்பு 0.1 டெசிபல் மட்டுமே. எதையும் திருப்பாமல், ஆளியை 13 வோல்ட்டுக்குத் தட்டினேன். மூன்று வினாடிகளில் படம் வந்தது. எம்.இ.ஆர். (சமிக்ஞையின் தூய்மையைக் காட்டும் எண்) 6.1, இந்தச் சமிக்ஞைக்கு ஆகக் குறைந்தது 4.7 வேண்டும் என்பதால் கையிருப்பு 1.4 டெசிபல். மறுநாள் பிற்பகல் 4 மணி கடந்ததும் படம் சில நிமிடங்கள் மறைந்து தானாகத் திரும்பியது. சூரியன் இன்னும் டிஷ்ஷின் பார்வைக்குள் வந்து போய்க்கொண்டிருந்ததால் ஏற்பட்ட இரைச்சல் அது. டிஷ் சரியாக நிற்கிறது என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

வாங்கியில் இனிச் சந்தேகமில்லை என்றானதும் அனுப்பிக்கு வந்தேன். அதன் இதயம் அடால்ம்-புளூட்டோ என்ற சிறு நீலப் பெட்டி. மடிக்கணினியில் ஓபிஎஸ் மென்பொருள் கமெராப் படத்தைச் சுருக்கிக் கொடுக்க, அமெச்சூர்கள் மாற்றியெழுதிய மென்பொருள் ஏற்றப்பட்ட புளூட்டோ அதை டிவிபி-எஸ்2 என்ற செய்மதித் தொலைக்காட்சி முறைக்கு மாற்றி 437 மெகாஹேர்ட்ஸில் வெளிவிடுகிறது. உரிமத்தின் நிபந்தனைகளை மீண்டும் ஒருமுறை வாசித்து, 4எஸ்7 என்று தொடங்கும் என் அழைப்புக்குறி படத்தின் மேல் மூலையில் எப்போதும் நிற்கும்படி அமைத்தேன். அன்ரெனாவைக் கிட்டவும் கொண்டுவராமல், புளூட்டோவிலிருந்து சமிக்ஞையைக் குறைக்கும் 60 டெசிபல் தணிப்பிகள் வழியாக நேரே வாங்கிக்குக் கேபிள் கொடுத்தேன்.

மேசையிலேயே அடுத்த பிழை காத்திருந்தது. அமைப்பு: 333 கிலோசிம்பல், கியூபிஎஸ்கே (ஒரு சிம்பலில் இரண்டு பிற்று), எஃப்.இ.சி. 2/3 (மூன்றில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்கு). வாங்கி உடனே பூட்டிக்கொண்டது, எம்.இ.ஆர். 19 காட்டியது, ஆனால் படம் ஒரு வினாடி வந்து உறைந்தது. சமிக்ஞை இவ்வளவு நன்றாக இருக்கும்போது படம் வராததற்கு வானொலிப் பக்கத்தில் காரணம் இருக்க முடியாது என்பதை அன்றே நினைத்திருக்க வேண்டும். நான் ஒரு வாரம் தணிப்பிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். இந்த அமைப்பில் பாதை சுமக்கக்கூடியது மொத்தம் வினாடிக்கு 440 கிலோபிற்று. நான் ஓபிஎஸ்ஸில் படத்துக்கு மட்டுமே 440 கொடுத்திருந்தேன். ஒலிக்கும், பொதி தலைப்புகளுக்கும், நிகழ்ச்சி அட்டவணைகளுக்கும் இடமே விடவில்லை. மிகுந்தது குவிந்து, வழிந்து, படம் நின்றது. படத்துக்கு 320, ஒலிக்கு 32 என்று குறைத்ததும் ஓடத் தொடங்கியது. அந்த 320இல் தமிழெழுத்தின் சுழிகள் ஒரு நல்ல சோதனை என்பதையும் அங்கேதான் கண்டேன்: ‘வெள்ளவத்தை’ என்று அட்டையில் எழுதிக் கமெராவுக்கு முன் அசைத்தால், ளகரத்தின் உட்சுழி முதலில் அடைபடும், அட்டை நின்று அரை வினாடியில் திறக்கும்.

அடுத்தது வலு. மிட்சுபிஷியின் ஆர்ஏ30எச்4047எம் என்ற தொகுதியை, ஒரு சிறு முன்பெருக்கியுடன், பழைய பெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய வெப்பநீக்கியில் திருகினேன். பண்பலைக் குரலுக்கு 30 வாட் தரும் தொகுதி அது. டிஜிட்டல் தொலைக்காட்சிக்கு அந்த எண்ணை மறந்துவிட வேண்டும். 15 வாட்டுக்கு ஏற்றியபோது அலைமாலையின் இருபக்கமும் தோள்கள்போலப் புடைத்து, நடு உயரத்துக்கு 19 டெசிபல் கீழே மட்டுமே நின்றன. அதாவது எனக்குரிய அகலத்துக்கு வெளியே மற்றவர்களின் இடத்தில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். 4 வாட்டுக்கு இறக்கியதும் தோள்கள் 33 டெசிபல் கீழே போயின. பெருக்கிக்குள் கொடுக்கும் சமிக்ஞையை அந்த அளவிலேயே நிறுத்தினேன். 4 வாட்டுக்கு 12.5 வோல்ட்டில் 3.8 அம்பியர் இழுக்கிறது, மிச்சமெல்லாம் வெப்பம். கொழும்பு வெயிலில் கணினி விசிறி ஒன்று இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் வெப்பநீக்கியைத் தொட முடியவில்லை. புளூட்டோ மூன்றாம் ஹார்மோனிக்கை, அதாவது மூன்று மடங்கான 1311 மெகாஹேர்ட்ஸை, தாராளமாக வெளிவிடும் என்பதால், அதற்கும் பெருக்கிக்கும் நடுவில் ஒரு தாழ்பட்டை வடிகட்டியும், பெருக்கிக்குப் பின்னால் இன்னொன்றும் வைத்தேன்.

அன்ரெனா வீட்டில் செய்த 7 மூலக யாகி, அதாவது ஒரு திசையை நோக்கி அனுப்பும் கம்பி வரிசை. 1.2 மீற்றர் பிவிசி குழாயில் அலுமினியக் கம்பிகள்: பிரதிபலிப்பி 340 மில்லிமீற்றர், செலுத்தும் மூலகம் 326, முன்னோக்கிகள் 305இலிருந்து 290 வரை. இதேபோல இன்னொன்று கல்கிசைக்கு. இரண்டும் கிடைத்தளமாக.

முதல் நாள் மொட்டைமாடியில் அனுப்பும் ஆளியை அழுத்தியதும் மடிக்கணினி புளூட்டோவைக் காணவில்லை என்றது. அழுத்தாமல் விட்டால் தெரியும், அழுத்தினால் மறையும். அன்ரெனாவுக்கு இரண்டு மீற்றருக்குள் உட்கார்ந்து, யூஎஸ்பி கேபிளை 437 மெகாஹேர்ட்ஸுக்கு ஓர் அன்ரெனாவாக விரித்து வைத்திருந்தேன். கேபிளைக் குறுக்கி, இரு முனையிலும் ஃபெரைட் வளையங்களைக் கவ்வவிட்டு, மேசையை மாடிப்படிக் கூண்டுக்குள் நகர்த்தியபின் அது தீர்ந்தது.

அன்று பயன்படுத்தியது 1000 கிலோசிம்பல். அகலம் கூடினால் படம் அழகாக இருக்கும் என்ற ஆசை. கல்கிசையில் அண்ணை யாகியைப் பிடித்துக்கொண்டு 2 மீற்றர் அலைவரிசையில் குரல் கொடுத்தார்: “நம்பர் ஆடுது தம்பி, பூட்டுது, விடுது. படம் ஒண்டுமில்லை.” வலு போதவில்லை என்று நான் முடிவுகட்டினேன். என் 12 மீற்றர் ஆர்ஜி-58 கேபிள் 4 டெசிபலுக்கு மேல் தின்றுகொண்டிருந்தது உண்மைதான். 4 வாட்டில் ஒன்றரை வாட்தான் அன்ரெனாவுக்குப் போனது. 13,000 ரூபா கொடுத்துத் தடித்த, இழப்புக் குறைந்த கேபிள் எடுத்து மாற்றினேன். இழப்பு ஏறக்குறைய ஒரு டெசிபலுக்கு இறங்கியது. கல்கிசையில் எதுவும் மாறவில்லை.

அப்போதுதான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். 4 கிலோமீற்றர் திறந்த வெளியில் 437 மெகாஹேர்ட்ஸின் இழப்பு 97 டெசிபல். நடுவில் கட்டடங்களுக்காக இன்னும் 30 டெசிபல் கழித்தாலும், ஒரு வாட் தேவைக்கு மிக மிக அதிகம். வலுவை 4 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு இறக்கி அண்ணையிடம் எண்ணைக் கேட்டேன், 0.3 டெசிபல்தான் குறைந்திருந்தது. இரைச்சல்தான் பிழையென்றால் 6 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். ஆக, பிழை எதிரொலியில் இருந்தது. காலி வீதிக்கு இருபுறமும் எழுந்துள்ள மாடிகளில் பட்டுத் தெறித்து, ஒரே சமிக்ஞை பல தூரங்களைக் கடந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. 1000 கிலோசிம்பலில் ஒரு சிம்பலின் நீளம் ஒரு மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் அலை 300 மீற்றர் போகும். 200 மீற்றர் சுற்றிவரும் எதிரொலி அடுத்த சிம்பலுக்குள் ஆழமாக நுழைந்துவிடும். 333 கிலோசிம்பலில் அதே நீளம் 900 மீற்றர். அதே எதிரொலி சிம்பலின் ஒரு சிறு பகுதியை மட்டுமே குழப்பும்.

333க்கு இறக்கியதும் பூட்டு நிலைத்தது, ஆனால் கையிருப்பு 0.8க்கும் 2க்கும் நடுவில் ஊசலாடியது. மிகுதி வேலையைத் திசை செய்தது. கல்கிசையை நேரே பார்த்த யாகியின் முன்னால், மூன்று கட்டடங்கள் தள்ளி, ஒரு பெரிய தொடர்மாடி நின்றது. யாகியைக் கடற்பக்கமாக ஐந்தைந்து பாகையாகத் திருப்பிக்கொண்டே போக, அண்ணை எண்களை வாசித்துக்கொண்டே வந்தார். 15 பாகையில் கையிருப்பு 5.6 ஆனது, 20இல் மீண்டும் இறங்கியது. கரைக்கும் கட்டட வரிசைக்கும் இடையிலுள்ள வெளி, அதாவது மரைன் டிரைவும் ரயில் பாதையும் கடற்கரையும் சேர்ந்த அந்த ஒடுங்கிய ஓடைதான், எங்கள் பாதையாயிற்று. அதன் பிறகு வலுவை 1 வாட்டிலேயே விட்டுவிட்டேன். “இப்ப உம்மட கண்ணாடி தெரியுது, அதில வானமும் தெரியுது,” என்றார் அண்ணை. அவரது குரல் வந்தபோது என் திரையில் இருந்ததைவிட இரண்டு வினாடி பிந்தியே அவருக்குப் படம் போகிறது என்பதை, நான் கையசைத்து அவர் சிரித்த இடைவெளியிலிருந்து கணித்தேன்.

செலவைச் சொல்ல வேண்டும். புளூட்டோ 74,000 ரூபா, வாங்கியின் பாகங்கள் 31,000, பெருக்கித் தொகுதியும் வடிகட்டிகளும் மின்வழங்கியும் 16,500, கேபிள் 13,000, தணிப்பிகள் 9,500, டிஷ் 4,000, இரண்டு எல்.என்.பி.கள் 2,800. ஒன்றரை இலட்சத்தைச் சற்றுத் தாண்டிவிட்டது. மறுபடி தொடங்கினால் பெருக்கியை முதலில் வாங்கமாட்டேன். ஒரு வாட் தரும் சிறு பெருக்கியே இந்தத் தூரத்துக்குப் போதும், வெப்பநீக்கியும் விசிறியும் மிச்சம். தணிப்பிகளுக்கு மட்டும் தயங்கமாட்டேன், அவை இல்லாமல் மேசைச் சோதனையே நடந்திராது. யாகியின் இணைப்பியை வெறும் மின்நாடாவால் சுற்றியதும் தவறு. ஆறு வாரக் கடற்காற்றில் அதன் நடு ஊசி பச்சை படிந்துவிட்டது. இப்போது தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றைப் பாதி மூடும்படி சுற்றியிருக்கிறேன்.

ஒரு விடயம் இன்னும் தீரவில்லை. ஞாயிறு மாலை நின்ற அந்த 20 நிமிடப் படம் 6 மணிக்குச் சற்றுப் பின் இரண்டு வினாடி உடைந்தது, பிறகு 6.25இற்கு மீண்டும். இரண்டு முறையும் கரையோரப் பாதையில் எனக்குக் கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஓடையின் தரையே அந்தத் தண்டவாளம்தான் என்பதால், நீளமான இரும்புப் பெட்டிகள் புதிய எதிரொலி ஒன்றை உண்டாக்குகின்றன என்று நினைக்கிறேன். இந்த வார இறுதியில் யாகியின் தூணை ஒன்றரை மீற்றர் உயர்த்தி, ஒவ்வொரு ரயிலுக்கும் கையிருப்பு எவ்வளவு இறங்குகிறது என்று நேரத்தோடு குறிப்பதாக அண்ணை சொல்லியிருக்கிறார். ரயில் நேர அட்டவணையை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.